மூடிக் கொடுத்த நோட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

மனநல வைத்தியத்தில் நோயாளி பேசப் பேசக் குறிப்பெடுக்க வேண்டும் என்றுதான் நம் ஊரில் கற்றுவந்தேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு, என்னிடம் வரும் வயதான தையல்காரர் ஒருவர் நான்கு வாரம் வாயே திறக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை மெல்லக் கேட்டார்: “எழுதித்தான் ஆகணுமா, டாக்டர்?”

நோட்டை மூடி அவர் கையிலேயே கொடுத்தேன். “நீங்களே வெச்சுக்குங்க.”

அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “எங்கப்பா பேசினத பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்கு எழுதிக் கொடுத்துட்டாரு. மறுநாளே கூட்டிட்டுப் போனாங்க. அப்பா திரும்பி வரவே இல்ல.”

பழைய சர்வாதிகார ஆட்சியில் நடந்ததாம். பிறகுதான் கவனித்தேன், இங்கே எந்த மருத்துவரின் மேசையிலும் பேனா இல்லை. முப்பது வருடமாகக் கேட்டதையெல்லாம் மனசிலேயே சுமக்கிறார்கள். நாடு பட்ட அடி அதன் வைத்தியத்தையே மாற்றியிருக்கிறது அம்மா! மெய்சிலிர்த்துப் போனேன். நானும் இப்போது எழுதுவதில்லை. தையல்காரரோ பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை.

உங்கள் பழைய பருத்திப் போர்வையை அனுப்புங்கள், இங்குள்ளது குத்துகிறது. கடிதத்தையும் நீளமாக எழுதுங்கள். நாள் முழுக்க ஊரார் கதை கேட்கிறேன், “சாப்பிட்டியா?” என்று என்னைக் கேட்கத்தான் ஆளில்லை.

வாசல் மணி அடிக்கிறது, போகிறேன்.

உங்கள் மகள்