ஏழாவது எதிர்மனுதாரர்

12 ஜூன் 2024, புதன்

அம்மாவின் முதல் வருஷப் பூசை. கோயில், கல்லறை, பிறகு வீட்டில் சாப்பாடு. உட்கார்ந்தவர்கள்: நான், இவர், மகள் சோபியா, என் தம்பி சார்லி, அவன் பெண்டாட்டி லிடியா, பின்தெரு உண்ணாமலை. ஆறே பேர். உண்ணாமலை வேறு சாமி கும்பிடுகிறவள்தான். ஆனால் அம்மாவைக் கடைசிவரை குளிப்பாட்டியது அவள் கை. சார்லி கடைக்குத்தான் பட்டு நெய்கிறாள்.

ஜெபம் சார்லி சொன்னான். எப்போதும் அவன்தான், குரல் அப்படி. "உழைக்கிறவங்களோட கூலி அவங்க கைக்குச் சேரணும் ஆண்டவரே" என்று கடைசியில் ஒன்று சேர்த்துக்கொண்டான். உண்ணாமலை கண்ணைத் துடைத்தாள். எனக்கும் மனசு நிறைந்திருந்தது. கறிக்குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

3 ஜூலை, புதன்

உண்ணாமலை வந்தாள். ஒரு வாரமாகக் கடை பூட்டிக் கிடக்கிறதாம்.

"அண்ணன் மஞ்ச நோட்டீஸ் குடுத்துட்டாருன்னு பேசிகினு இருக்காங்க. மெய்யாக்கா?"

கடனைக் கட்ட வழியில்லை, என்னைத் திவாலானவன் என்று அறிவியுங்கள் எனக் கோர்ட்டில் மனுப் போடுவதை அல்லவா சொல்கிறாள். அப்படியெல்லாம் இருக்காது என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. பிறகுதான் சொன்னாள், இரண்டு வருஷமாகக் கூலியில் பாதியை வாங்காமல் அவனிடமே விட்டு வைத்திருக்கிறாளாம். மகள் கண்ணகியின் நர்சிங் படிப்புக்கு.

"எழுதி வாங்கலியா?"

"அண்ணனாட்டம் இருக்கறவர் கிட்ட இன்னாத்த எழுதி வாங்கறது?"

சார்லி போன் அணைந்திருக்கிறது. லிடியா போனுக்குப் போட்டேன், எடுத்தாள். "ஊர்ல இருக்கறவங்களுக்கு வேற வேல இல்லியா அக்கா. சரக்கு எடுக்க பெங்களூர் போயிருக்காரு." பின்னால் அவன் இருமல் கேட்டது. எனக்குத் தெரியாதா அந்த இருமல்.

5 ஜூலை, வெள்ளி

உபவாசம். ஜெராக்ஸ் கடை தேவிப்ரியாவிடம், யாராவது மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். யாருக்கு என்று சொல்லவில்லை. "கோர்ட் கேஸு ஒண்ணும் ரகசியம் இல்ல ஆண்ட்டி. யாரு வேணா பாக்கலாம், போன்லயே வரும்" என்று அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள்.

வீட்டில் வந்து உட்கார்ந்தேன். மாநிலம், மாவட்டம், பிறகு கோர்ட் வளாகம் — ஆரணி. கோணல்மாணலாக நாலு எழுத்து காட்டுகிறது, அதைப் பார்த்து அப்படியே அடிக்க வேண்டும். தப்பாக அடித்தால் முதலிலிருந்து. கடைப் பெயரைப் போட்டேன். எதுவும் இல்லை என்று வந்தது. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டேன்.

பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. கடை அவன் ஒருத்தனுடையது, கம்பெனி இல்லையே. கடன் பட்டது ஆள். ஆள் பெயரில் அல்லவா மனு வரும். ஈரக் கையோடு வந்து மறுபடி திறந்தேன். இந்தத் தடவை பெயரே போடவில்லை. வழக்கு வகை என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் ஐ.பி. என்பதுதான் திவால் மனு. வருஷம் 2024, நிலுவையில் உள்ளவை. சின்னப் பட்டியல்தான். மூன்றாவது வரியில் என் தம்பி.

அதைத் தொட்டால் உள்ளே எல்லாம் விரிகிறது. மனுப் போட்ட நாள், வக்கீல் பெயர், அடுத்த வாய்தா, யார் யாருக்குக் கடன் பாக்கி என்ற வரிசை. கடன் கொடுத்தவர்கள்தான் எதிர்மனுதாரர்கள். பேங்க். நூல் கடைக்காரர்கள். ஜரிகைக்காரர் ஒருவர். ஏழாவது எதிர்மனுதாரர் — அமலோற்பவம், க/பெ சத்தியராஜ்.

நான்.

நான் அவனுக்குக் கடன் கொடுத்தேனா? எப்போது? கொத்தமல்லிக்கட்டு வாங்கினாலும் எழுதி வைக்கிறவள் நான்.

உண்ணாமலை பெயரைத் தேடினேன். ஒன்பது பேரில் இல்லவே இல்லை.

மனுப் போட்ட நாள் ஜூன் 5. பூசைக்கு முந்தின வாரம். இதைச் செய்துவிட்டுத்தான் என் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, கையைக் குவித்து, கூலி, ஆண்டவரே என்று — சீ.

6 ஜூலை, சனி

இவரிடம் போனைக் காட்டினேன். ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைத் தேடுவது போல எழுந்து போனார். அப்போதே தெரிந்துவிட்டது.

"சும்மா உன் கிட்ட கடன் வாங்கினதா ஒரு புரோநோட்டு எழுதிக்கினான். நம்ம பணம் எங்க போச்சு? கோர்ட்டுல அவன் வீட்ட வித்து கடன்காரங்களுக்குப் பங்கு பிரிக்கறப்ப உனக்குன்னு ஒண்ணு வரும். அத அவன் கிட்டயே குடுத்துடப் போறோம். சோபியா கல்யாணத்துக்குச் செய்யறேன்னு சொல்லியிருக்கான்."

"எனக்கு வர்ற பங்கு யாரோடது?"

"மத்தவங்களுக்குக் கொஞ்சம் கொறையும். அவ்ளோதான். ஏன் பேஜார் பண்ற?"

என் ஆதார் நகலை எடுத்துக் கொடுத்ததும் இவர்தானாம்.

அப்படியானால் அந்த ஆறு பேரில் மூன்று பேருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் குழம்பு ஊற்றச் சொன்னார்கள். இவர் சாப்பிட்ட தட்டை நான் எடுக்கவில்லை. கை போகவில்லை.

19 ஜூலை, வெள்ளி

போன வாரம் போட்ட நகல் மனுவுக்கு இன்று நகல் கிடைத்தது. போனில் பெயர்தான் தெரியும், முழு மனுவும் வேண்டுமென்றால் நகல் பிரிவுக்குத்தான் போக வேண்டும். வழக்கு எண் கையில் இருந்ததால் சுலபமாக முடிந்தது. "நீங்க பார்ட்டிதானே, வாங்கிக்கலாம்" என்றார் அங்கிருந்தவர். பார்ட்டி. அந்தச் சொல்லே நாறுகிறது.

என் விலாசம் என்று சார்லி வீட்டுக் கதவு எண். எனக்கு வந்த நோட்டீஸை வாங்கிக் கையெழுத்துப் போட்டிருப்பவள் லிடியா. ஏன் எனக்கு ஒன்றும் வரவில்லை என்று யோசித்தேனே. அவள் கையெழுத்து நன்றாகவே இருக்கிறது, ஞாயிறு வகுப்பில் நான்தான் எழுதப் பழக்கினேன்.

22 ஜூலை, திங்கள்

நகல் வாங்கியது எப்படியோ தெரிந்து சார்லியே வந்தான்.

"அக்கா, நீ ஒரு கையெழுத்துகூட போட வேணாம். சும்மா இரு. அது போதும்."

"உண்ணாமலை பேரு ஏன் இல்ல?"

"அவ கிட்ட இன்னா பேப்பர் இருக்குது?"

"என் கிட்ட மட்டும் இருக்குதா?"

"உன் கிட்டதான் புரோநோட்டு இருக்குதே" என்று சிரித்தான். நல்ல நகைச்சுவை சொல்லிவிட்டது போல இவரையும் பார்த்துச் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. அதற்காக நான் ஒன்றும் பாராட்டப் போவதில்லை.

"அம்மா இருந்தா தம்பிய இப்படி வுட்டுக்குடுப்பியா?"

"அம்மாவக் குளிப்பாட்டினவ காசுடா அது. கிளம்பு."

காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனான்.

30 ஜூலை

ஜெபமாலை நடுவிலேயே நின்றுபோகிறது. பரலோக மந்திரத்தில் தீமை செய்தவர்களைப் பொறுப்பதைப் பற்றி வரும் இடத்தில் நாக்கு புரள மாட்டேன் என்கிறது. புரளாததைச் சொல்லி என்ன?

14 ஆகஸ்ட், புதன்

வாய்தா. உண்ணாமலையைக் கூட்டிக்கொண்டு போனேன். இவர் லீவு போட்டார், கூட வரவில்லை. வழக்கு எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றேன்.

சார்லியின் வக்கீல், இது குடும்பத் தகராறு என்றார். நீதிபதி அம்மா என்னைப் பார்த்து, "நீங்க கடன் குடுத்தீங்களா இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லீங்கம்மா. ஒரு ரூபாகூட குடுக்கல. குடுத்தது இவங்க. இவங்க பேர்தான் அதுல இல்ல."

பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யச் சொன்னார். உண்ணாமலையும் தனியாக மனுப் போட வேண்டுமாம்.

சார்லி என்னைப் பார்க்கவில்லை. லிடியா பார்த்தாள், ஏதோ சாக்கடையைத் தாண்டுகிறவள் மாதிரி சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு. யார் சாக்கடை என்று அங்கேயே கேட்டிருப்பேன். கோர்ட்டாயிற்றே.

வெளியே வந்ததும் உண்ணாமலை சொன்னாள்: "தம்பி போயிட்டாரேக்கா உனக்கு."

அழுகை வந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

9 அக்டோபர்

மறுபடி வாய்தா. போனில் தெரிந்துகொண்டேன். இந்தக் கோணல் எழுத்துகள் இப்போது என் கண்ணுக்குப் பழகிவிட்டன.

25 டிசம்பர்

கிறிஸ்துமஸ். சார்லி வீட்டிலிருந்து கேக் வரவில்லை. வந்திருந்தாலும் தின்றிருக்க மாட்டேன். ஆனாலும் வாசலைப் பார்த்தேன்.

11 மார்ச் 2025, செவ்வாய்

மனு தள்ளுபடி. யாரும் சொல்லவில்லை, நானே பார்த்தேன். கொடுத்த பட்டியல் நம்பத்தக்கதாக இல்லை என்று உத்தரவில் இருக்கிறது. இனிக் கடன்காரர்களை அவன் நேராகப் பார்க்க வேண்டியதுதான்.

சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

இவரும் படித்தார். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். ஜூலையிலிருந்து அவரேதான் கழுவுகிறார்.

20 ஏப்ரல், ஞாயிறு

உயிர்ப்புப் பெருவிழா. சார்லி வந்தவாசி ரோட்டு மனையை விற்றிருக்கிறான். மனு நகலை எடுத்துப் பார்த்தேன், சொத்து விவரத்தில் அந்த மனையே இல்லை. இதையும் மறைத்திருக்கிறான்.

அந்தப் பணத்திலிருந்து உண்ணாமலைக்குக் கூலி பாக்கியில் பாதி வந்துவிட்டது. கண்ணகிக்கு இந்த வருஷ பீஸ் கட்டியாயிற்று. "மீதிய தீபாவளிக்குத் தர்றேன்னாரு. இந்தத் தடவை எழுதி வாங்கிக்கினேன்க்கா" என்றாள்.

2 ஜூன், திங்கள்

சார்லிக்கு இன்று அனுப்பியதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"சார்லி, 12-ஆம் தேதி வியாழக்கிழமை அம்மாவுக்கு இரண்டாம் வருஷப் பூசை. சாப்பாடு நம் வீட்டில்தான். உண்ணாமலையும் கண்ணகியும் வருகிறார்கள். அவர்கள் பக்கத்தில்தான் நீ உட்கார வேண்டியிருக்கும். ஜெபம் இந்தத் தடவை நான் சொல்லிக்கொள்கிறேன். நீயும் லிடியாவும் வருகிறீர்களா, இல்லையா? எவ்வளவு கறி சொல்வது என்று எனக்குத் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் போடு."