மகனுக்குப் போட்ட பூட்டு

கப்பலில், சாண்டோஸ் துறைமுகம்
12 ஜனவரி 2009

அன்புள்ள நெனிதா,

நான் நலம். நம் எல்மருக்குப் பதினான்கு வயது ஆகிவிட்டது. வீட்டுக் கணினியில் அவன் ஆபாசத் தளங்கள் பக்கம் போகக் கூடாது. இங்கே இளவட்டங்கள் கெட்டுப்போவதைத் தினமும் பார்க்கிறேன். உடனே தடுப்பு மென்பொருள் போட்டு, கடவுச்சொல்லை எனக்கு எழுது. மே மாதம் விடுப்பில் வருகிறேன்.

உன் ரொமுலோ

ஜாரோ, இலோயிலோ, பிலிப்பைன்ஸ்
20 பிப்ரவரி

அன்புள்ள ரொமுலோ,

போட்டாகிவிட்டது. பக்கத்து வீட்டு டெஸ்ஸி சொல்லிக்கொடுத்தாள். எல்மரிடம் சொன்னேன். "சரிம்மா, கேம் வருதுல்ல, அது போதும்" என்று நூடுல்ஸ் கிண்ணத்தோடு போய்விட்டான்.

கடவுச்சொல் என்னிடமே இருக்கட்டும். போன விடுப்பில் நீ கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தாய். கப்பல் வேலை என்றாய். காபி கொண்டுவந்தபோது நான் பார்த்துவிட்டேன். வருஷம் முழுக்கக் காத்திருந்தவள் அடுத்த அறையில் தனியாகப் படுத்திருந்தேன். கோபத்தைவிட அவமானம்தான் அதிகம்.

உன் நெனிதா

டர்பன்
15 மார்ச்

நெனிதா,

நான் என்ன சின்னப் பையனா? கப்பலில் எல்லோரும் பார்ப்பதுதான். என் வீட்டில் எனக்கே பூட்டா? கடவுச்சொல்லை அனுப்பு.

ரொமுலோ

ஜாரோ
2 ஏப்ரல்

அன்புள்ள ரொமுலோ,

கடிதத்தில் அனுப்ப மாட்டேன். விமான நிலையத்துக்கு நானும் எல்மரும் வருவோம். அவன் பக்கத்தில் நிற்கும்போதே கேள், அங்கேயே சொல்லிவிடுகிறேன். எதற்கு என்று அவன் கேட்டால் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

நீ கேட்கவில்லை என்றால், அவனை அக்கா வீட்டில் விட்டுவிட்டு நாம் இருவரும் குய்மராஸ் தீவுக்குப் படகேறலாம். அங்கே இப்போது மாம்பழக் காலம். புது உடை தைக்கக் கொடுத்திருக்கிறேன். நீ கேட்க மாட்டாய் என்ற நம்பிக்கையில்தான் கொடுத்தேன்.

உன் நெனிதா

சிங்கப்பூர்
28 ஏப்ரல்

அன்புள்ள நெனிதா,

சமையல்காரன் பெர்னியிடம் புலம்பினேன். "பொண்டாட்டியே பூட்டு போட்டாளா? அப்போ உன்மேல இன்னும் ஆசை இருக்குய்யா. போய்ச் சேரு" என்று சிரித்தான்.

கேட்க மாட்டேன். உன்னை அப்படித் தனியாகப் படுக்க விட்டதற்கு வெட்கப்படுகிறேன். படகுக்குச் சொல்லிவை.

ஒன்று மட்டும். விடுப்பு முடிந்து கப்பலேறினால், இங்கே பூட்டுப் போட ஆள் இல்லை. சத்தியம் செய்யவும் எனக்குத் தைரியம் இல்லை. அதனால் இனிமேல் உன் கடிதங்களைக் கொஞ்சம் நீளமாக எழுது. நானும் எழுதுகிறேன்.

உன் ரொமுலோ