காய்கறிச் செலவு இல்லாத கணக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம். போன வாரம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வழுக்கி விழுந்து, கை லேசாக வீங்கி வடிந்துவிட்டது. ஒன்றுமில்லை என்று நான் சொன்னால் நம்புங்கள். நீங்கள் சொன்னால் நான் நம்புவதாயில்லை.

நீங்கள் அனுப்பிய வீட்டு மாதக் கணக்கு வந்தது. காய்கறிக்குச் செலவே காணோம். போனில் கேட்டதற்கு, "நம்ம தோட்டத்து பீன்ஸும் பட்டாணியும்தான் ஃப்ரீசர்ல நிறைய இருக்கேம்மா, அதைத்தான் சமைச்சுச் சாப்பிடறேன்" என்றீர்கள். கேட்காமலே ஃப்ரீசரைப் படமெடுத்தும் அனுப்பினீர்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மா இறப்பதற்கு முன் கட்டிவைத்த பைகள். எல்லாவற்றிலும் அவளுடைய இரட்டை முடிச்சு அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் தினமும் எதைச் சாப்பிடுகிறீர்கள்? ரொட்டியும் டீயும்தானே?

அவிழ்த்தால் அந்த முடிச்சைத் திரும்பப் போட நம் இருவருக்குமே தெரியாது. புரிகிறது அப்பா. நான் வந்ததும் சேர்ந்து அவிழ்ப்போம். ஒரு பையை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

அதுவரை கடைக்குப் போய்க் காய் வாங்குங்கள். அடுத்த கணக்கோடு கடை ரசீதும் வரட்டும். நீங்கள் கையால் எழுதியதை மட்டும் வைத்து நம்பமாட்டேன்.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்