பிளக்கைப் பிடுங்கியது யார்?

13 அக்டோபர் 1986, திங்கள்

மறுபடியும் போச்சு. வெள்ளிக்கிழமை ஏற்றி வைத்த புரோகிராம் மொத்தமும் காணோம். திரையில் ஒரே ஒரு பூஜ்யம், ஒன்றுமறியாத பிள்ளை போல. கால்குலேட்டரின் பிளக் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது. நான் சிவப்பு மையில் எழுதி ஒட்டிய ‘தொடாதே’ மட்டும் பத்திரமாக இருக்கிறது.

நல்ல கருவிதான். எண்களை முதலில் அடுக்கிவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சொன்னால் போதும். அடைப்புக்குறி வேண்டாம், சமக்குறி வேண்டாம். காயை நறுக்கி வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைப்பது மாதிரி. ஆனால் மின்சாரம் நின்ற நொடியே எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால்தான் சனி, ஞாயிறு கூட அணைக்காமல் விட்டுப் போகிறோம். பிளக்கைப் பிடுங்கியது கிளாவா அம்மாளாகத்தான் இருக்கும். அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள், ‘ஆளில்லாதபோது பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்’ என்று தீயணைப்புக்காரர்கள் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவள்.

பக்கத்து அறை அர்மாஸ் பெத்ரோவிச் வந்து தாளைப் பார்த்து வாசித்தார், நான் பொத்தான்களை அழுத்தினேன். தனியாகச் செய்தால் கண் தாளுக்கும் பொத்தானுக்கும் அலைந்து எங்காவது ஒன்று தவறிவிடும். அதனால் இங்கே எல்லாரும் இரண்டு பேராகத்தான் ஏற்றுவோம். அவர் வாசிப்பு தனி ரகம். "மேல் அம்பு... நினைவுல நாலாம் அறையில போடுங்க... இப்பப் பெருக்குங்க" என்று ஒவ்வொரு பொத்தானாக, நிறுத்தி நிதானமாகச் சொல்வார். முடித்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த கலீத்கா என்கிற உருளைக்கிழங்கு அப்பம் இரண்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவரே சுட்டதாம். ரை மாவு ஓரம் நல்ல மொறுமொறுப்பு.

14 அக்டோபர்

இன்று யாரும் எதையும் பிடுங்கவில்லை. பதினொரு மணிக்கே வேலை முடிந்தது. நாள்தான் நகரவே இல்லை.

21 அக்டோபர், செவ்வாய்

மானம் கப்பலேறியிருக்கும். மயிரிழையில் தப்பினேன்.

நில அளவைக் குழு கொண்டுவந்த கோணங்களையும் தூரங்களையும் போட்டு எல்லைப் புள்ளிகளைக் கணக்கிட்டேன். கூட்டுப்பண்ணையின் பன்றிக் கொட்டகை ஒனேகா ஏரிக்குள் போய் நின்றது. மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் பன்றிகள் தண்ணீரில். எங்கள் பிரிவுத் தலைவி ஃபயினா ல்வோவ்னா முடிவைக் கேட்டு ஆளனுப்பிவிட்டார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது — நாற்பத்தொரு வயதில், அலுவலகத்தில், பன்றிகளுக்காக!

அர்மாஸ் பெத்ரோவிச் எட்டிப் பார்த்தார். கால்குலேட்டரின் ஓரத்தில் இருக்கும் சின்ன சுவிட்சை நகத்தால் ஒரு தள்ளு தள்ளினார். கோண அளவு டிகிரிக்குப் பதிலாக ரேடியனில் நின்றிருக்கிறது. தூசி துடைக்கும்போது நானே நகர்த்தியிருப்பேன். பன்றிகள் கரையேறின. "நீந்தத் தெரிஞ்ச பன்றிங்க போல" என்றார், அவ்வளவுதான். தலைவியிடம் மூச்சு விடவில்லை.

27 அக்டோபர், திங்கள்

பிளக் மீண்டும் தரையில். கிளாவா அம்மாளைப் பிடித்து ஒரு மூச்சு திட்டினேன். "நான் தொடல, ரிம்மா பாவ்லோவ்னா. தொட்டா என் கை விளங்காம போகட்டும்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள்! வாயில் எதையோ வேறு மென்றுகொண்டிருந்தாள். என்ன நெஞ்சழுத்தம்.

10 நவம்பர், திங்கள்

புதுக் கருவி ஒன்று வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எழுதிய மாதிரியே சூத்திரத்தை எழுத்துகளோடு அப்படியே தட்டலாமாம். அணைத்தாலும் மறக்காதாம். ஃபயினா ல்வோவ்னா அதை அர்மாஸ் பெத்ரோவிச் கையில் கொடுத்து, எந்த முறை சுலபம் என்று வருடக் கடைசிக்குள் அறிக்கை தரச் சொல்லியிருக்கிறார். புதியது நன்றாக இருந்தால் எங்கள் அறைக்கும் வரும்.

அணைத்தாலும் மறக்காது. அப்படியென்றால் திங்கட்கிழமைகளில் யாரும் யாருக்கும் வாசிக்க வேண்டியதில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது?

24 நவம்பர், திங்கள்

போட்டி நடந்தது. ஒரே கணக்கு. அவர் புதியதில், நான் பழையதில், ஃபயினா ல்வோவ்னா கையில் கடிகாரம். எனக்கு யார் வாசிப்பது என்று கேட்டார்கள். யாரும் வேண்டாம் என்றேன். அவர் குரல்தான் காதிலேயே ஓடுகிறதே: மேல் அம்பு, நாலாம் அறை, பெருக்கு. தாளைப் பார்க்காமலே முடித்தேன். அவரோ கடுகு போன்ற பொத்தான்களில் எழுத்துகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு அவர் முடித்து, கருவியை அணைத்து, மறுபடி போட்டுக் காட்டினார். எல்லாம் அப்படியே இருந்தது. அவருடைய புரோகிராமை ஃபயினா ல்வோவ்னாவே வாய்விட்டுப் படித்தார், புரிந்தது. என்னுடைய தாளை ஒரு மாதம் கழித்து என்னாலேயே படிக்க முடியாது.

"பந்தயத்துல நீங்க ஜெயிச்சீங்க. திங்கக்கிழமை திரும்ப ஏத்துற வேலைல அவர் ஜெயிச்சிட்டார்" என்றார் தலைவி.

நான் எங்கே ஜெயித்தேன்? எனக்கு வாசிக்க ஆள் தேவையில்லை என்று ஊருக்கே காட்டிவிட்டேன். இனி எதற்கு வருவார்? என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

1 டிசம்பர், திங்கள்

பிளக் சுவரிலேயே இருந்தது. அவர் வரவில்லை. கலீத்காவும் இல்லை.

எழுதிவிடுகிறேன், இதை யார் படிக்கப் போகிறார்கள்: எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருக்கிறது. ரொம்ப.

8 டிசம்பர், திங்கள்

இன்று விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். பிளக்கை நானே பிடுங்கிவிட்டு, ‘ஐயோ, எல்லாம் மறந்துபோச்சே’ என்று அவர் கதவைத் தட்டுவதாகத் திட்டம். இந்த வயதில் இப்படியொரு கள்ளத்தனம்.

அறையில் விளக்கு எரிந்தது. என் மேசைக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. தவழ்ந்தபடியே பின்பக்கமாக வெளியே வந்தார் அர்மாஸ் பெத்ரோவிச். கையில் என் பிளக்!

வாசலில் துடைப்பத்தோடு கிளாவா அம்மாள். காவல் நிற்கிறாளாம்! கையில் கடித்த கலீத்கா.

"அப்ப இத்தனை நாளும் நீங்கதானா?"

"நான்தான்."

"பாவம், இந்தம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினேனே."

"அவங்களுக்கு அதுக்குத்தான் வாராவாரம் கலீத்கா" என்றார். காது நுனி வரைக்கும் சிவந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். "பழைய புரோகிராம் உங்களுக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. அதான் வேற ஒண்ணு எழுதிட்டு வந்தேன். இது இன்னும் நீளம்."

கிளாவா அம்மாள் வாளியை எடுத்துக்கொண்டு, "நான் பிடுங்கலன்னு அன்னைக்கே சொன்னேன்ல" என்று முணுமுணுத்தபடி போனாள். நாங்கள் உட்கார்ந்து அந்த நீளத்தையும் ஏற்றினோம். இரண்டு இடத்தில் தப்பாக அழுத்தினேன். ஒன்று வேண்டுமென்றே.

26 டிசம்பர், வெள்ளி

அறிக்கையைத் தலைவியிடம் கொடுப்பதற்கு முன் எனக்குக் காட்டினார். கொஞ்சம் பயந்துகொண்டேதான் படித்தேன். புது முறையே சுலபம், புதிதாக வருகிறவரும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம், எல்லா அறைகளுக்கும் பரிந்துரைக்கிறேன் என்று பளிச்சென்று எழுதியிருக்கிறார். எனக்காக ஒரு வார்த்தை கூட வளைக்கவில்லை.

"கோபமா?" என்றார். இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை. வளைத்திருந்தால்தான் கோபம் வந்திருக்கும்.

பழைய கருவியைக் கழித்துவிடுகிறார்கள். முறைப்படி எழுதிக் கொடுத்து நான் வாங்கிக்கொள்ளலாம் என்று ஃபயினா ல்வோவ்னா சொன்னார், என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்து.

8 மார்ச் 1987, ஞாயிறு

பெண்கள் தினம். அர்மாஸ் காலையிலேயே மிமோசாப் பூங்கொத்து வாங்கி வந்து என் ஊறுகாய் ஜாடியில் வைத்துவிட்டான். போன மாதம் அவன் பெட்டியோடு வந்ததிலிருந்து என் சமையலறை பாதியாகச் சுருங்கிவிட்டது.

பகல் முழுக்க ஒரு பத்திரிகையில் வந்த நிலவில் இறங்கும் விளையாட்டைப் பழைய கருவியில் ஏற்றினோம். அவன் வாசிக்க, நான் அழுத்த. என் கலம் இரண்டு முறை நொறுங்கி, மூன்றாம் முறை பூப்போல இறங்கியது. அவன் முறை வந்தபோது தேநீர் வேண்டும்போல் இருந்தது. சமையலறையில் இருப்பதே ஒரே ஒரு மின்துளை. கால்குலேட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கெட்டிலைச் செருகினேன்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாரு, கிளாவா அம்மாவா?"

"ஆமா."

தாளை எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தான்.