ஜோடி மாறிய குழாய்களைப் பற்றி அத்தானுக்கு

அன்பு மாறாத அத்தானுக்கு,

நீங்கள் போன பிறகு உங்களுக்கு எழுதும் முதற்கடிதம் இது. நல்ல செய்தியோடு எழுத விரும்பியிருந்தேன், வெட்கத்தோடு எழுதுகிறேன். பத்திரிகையில் வெளியாகட்டும் என்றே எழுதுகிறேன். உங்களைப் பற்றிய பொய்யைக் கண்டிச் சந்தையில் நாலு பேர் கேட்கத்தானே சொன்னார்கள்?

போன வாரம் மரக்கறி வாங்கப் போன அக்கா வெறும் பையோடு திரும்பி வந்து என் முன்னால் நின்றார். "ஏன் தம்பி, அவரு பூட்டி வச்ச சாமானாலதான் அந்த நியாஸ் புள்ள சாகப் பாத்துச்சாமே? மெய்யா?" என்றார். உங்களோடு வாழ்ந்தவர் உங்களைப் பற்றி என்னிடம் விசாரிக்கும் நிலை வந்துவிட்டது, அத்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த விஷயங்களும் இடையில் வரும். வாசிக்கும் மற்றவர்களுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றில் மூழ்கியவர்களைத் தேடியெடுக்கும் நம் சுழியோடிகள் சங்கத்தில், மூச்சுக் கருவிக்கு இரண்டு பாகங்கள். சிலிண்டரின் மேல் பூட்டுவதைத் தலை என்போம். அது உள்ளே அடைபட்டிருக்கும் காற்றின் பெரும் அழுத்தத்தைக் குறைத்துக் குழாய்க்குள் விடும். பல்லால் கவ்வுவதை வாய் என்போம். அது மூச்சை இழுக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். எல்லாமே நன்கொடையாக வந்தவை; ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பனி. இன்னொருவர் எச்சில் பட்டதைக் கவ்வ யாருக்கும் மனமில்லாததால், வாயை அவரவர் சோற்றுப் பையில் வீட்டுக்கு எடுத்துப்போவார். தலைகள் சங்கத்து அலுமாரியில் கிடக்கும். எந்தத் தலையோடு எந்த வாய் சேரும் என்பது அன்றன்று கைக்கு அகப்படுவதைப் பொறுத்தது. நீங்கள் வந்து சேரும் வரை.

வெவ்வேறு கம்பனிப் பாகங்களைச் சேர்ப்பதில் தவறில்லை. அளக்காமல் சேர்ப்பதுதான் தவறு என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். தலை விடும் அழுத்தத்தை அழுத்தமானியில் பார்த்து, வாய்க்குள் இருக்கும் சுருள்வில்லை அதற்கேற்ப முடுக்கி, சேர்ந்த ஜோடி இரண்டிலும் ஒரே நிற நூலைக் கட்டினீர்கள்.

"என்ன குமார் அண்ணே, குழாய்க்கெல்லாம் காப்புக் கட்டுறீங்க? கொடியேத்தமா?" என்று பையன்கள் கேலி செய்வார்கள்.

"கல்யாணம்டா. சாதகம் பாக்காம நான் ஜோடி சேக்க மாட்டேன். ஒன்னோட கல்யாணத்துக்கும் மானியோட வாறேன்" என்பீர்கள்.

நீங்கள் இறந்த முப்பத்தோராம் நாளன்று சங்க மண்டபத்தில் உங்கள் படம் மாட்டவிருந்த இடத்துக்குக் கீழே எல்லாக் கருவிகளையும் அடுக்கி, சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். படத்துக்குச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது கருவிகள் பளபளத்தன. காலையில் எல்லாரும் கூடிக் கழுவியதாகத் தலைவர் பெருமையோடு சொன்னார். அழுக்கேறிய நூல்கள் பார்க்க நன்றாக இல்லை என்று அறுத்துப் போட்டிருந்தார்கள். உங்களுக்கு மரியாதை செய்வதற்காக, நீங்கள் செய்து வைத்த வேலையை அறுத்தார்கள். இதை என்னவென்று சொல்வது, அத்தான்?

அடுத்த மழையில் கம்பளைப் பாலத்துக்குக் கீழே ஒருவர் அடித்துச் செல்லப்பட்டார். நம் சங்கத்துப் பையன் நியாஸ்தான் இறங்கினான். கரையிலேயே அவன் கருவியின் வாய் இலேசாகச் சீறியதாம். "கழுவினதுதானே, போகப் போகச் சரியாயிரும்" என்று சொல்லி இறக்கினார்கள். கலங்கல் தண்ணீருக்குள் காற்று கட்டுப்பாடின்றிக் கொட்டித் தீர்ந்தது. இடுப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்து, நினைவில்லாத உடலைத்தான் கரையேற்றினார்கள். பிழைத்துவிட்டான். ஆனால் அன்று மாலையே, "செத்துப்போன மனுஷன் ஒட்டுப்போட்ட சாமான்" என்ற பேச்சு கண்டிக்கு வந்துவிட்டது.

அக்காவின் பெட்டியிலிருந்து உங்கள் மானியை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போனேன். இயந்திரவியல் படித்தவன் என்பதால் தடுக்கவில்லை. விபத்தன்று பூட்டிய தலையோடு நியாஸின் வாயைச் சேர்த்தேன். மானியின் முள் எகிறியது; யாரும் தொடாமலே காற்று சீறியது. பிறகு அலுமாரியிலிருந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பூட்டிப் பார்த்தேன். ஒன்றில் அந்த வாய் அடங்கி இருந்தது. மெல்ல இழுத்ததும் திறந்தது. அதுதான் நீங்கள் சேர்த்த ஜோடி என்பது அங்கிருந்த எல்லாருக்கும் விளங்கியது.

நியாஸ் மூலைக் கதிரையில் இருந்தான். குரல் இன்னும் சரியாகத் திரும்பவில்லை. "குமார் அண்ணன் இருந்தீந்தா என்னைய எறங்க உட்டீக்க மாட்டார். ஒங்களுக்குத் தெரியுந்தானே. ஏன் அந்த மனிசன்ட தலயில போடுறீங்க?" என்றான்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்றது சரிதான் சேர். வெளிய தெரிஞ்சா சங்கத்துக்குத்தானே அசிங்கம்? நாளைக்கு எவன் நம்மள நம்பிக் கூப்புடுவான்? செத்தவருக்கு இனி என்ன வந்துறப் போகுது?"

தேநீர் வந்தது, குடித்தார்கள். நான் மானியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு முதன்முதலாக ஆற்றில் இறங்கியவர்கள் அவர்களில் பலர். அந்தச் சங்கத்தின் உறுப்பினர் அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் என் அருகில் இருந்தவர் என்ன தொழில் என்று கேட்டபோது, சுழியோடிகள் சங்கம் என்று சொல்ல நா எழவில்லை.

செத்தவருக்கு ஒன்றும் வராது என்கிறார்கள். உயிரோடிருக்கும் அக்கா சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டார். அது எந்தக் கணக்கில் சேரும்?

இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்து, "இத போட்டா ஒன்னைய அங்க வச்சுக்குவாங்களா தம்பி?" என்றார். வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். "அப்ப போடு" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மடவளைக்கு, நியாஸின் வீட்டுக்குப் போகிறேன். அவன் உம்மாவுக்கு முன்னால் இருந்து, "உங்கள் மகனைத் தண்ணீரில் கைவிட்டவர் இறந்துபோன மனிதர் அல்லர், உயிரோடிருக்கும் நாங்கள்" என்று சொல்வேன். தலைவரையும் கூப்பிட்டிருக்கிறேன், வராவிட்டால் தனியாகப் போவேன். அந்த உம்மா என்ன சொல்லி ஏசினாலும் கேட்டுக்கொண்டு இருப்பேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

தலைகுனிந்து,
உங்கள் மைத்துனன்