மாமியார் பேசிய குளிர்காலம்

மணல்முனை
அக்டோபர் 9, 2007

அன்புள்ள வெர்னா,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே கத்த ஆரம்பிக்கிறோம், இனி எழுதுவோம் என்று நீதான் சொன்னாய். எழுதுகிறேன். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பு. பள்ளிக்கூட டீச்சருக்குப் பிடித்த வேலைதானே.

நலம்தான், உன் அம்மாவின் இடது குதிகாலைத் தவிர. சர்க்கரைப் புண். என் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாகிவிட்டது. தினமும் கழுவிக் கட்டு மாற்றி, கால் ஊன்றாமல் பார்த்துக்கொண்டால் ஆறிவிடும் என்கிறாள் நர்ஸ் கெய்ல். இல்லாவிட்டால் வின்னிபெக் ஆஸ்பத்திரிக்கு விமானம், கணுக்காலுக்கு மேல் கத்தி. கெய்லுக்கு இங்கே தொள்ளாயிரம் பேர், அவளால் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வரமுடியும். வீடு வீடாகப் போகப் பயிற்சி பெற்றவர்கள் டெலோரஸும் நானும்தான். டெலோரஸ் பிரசவத்துக்கு நகரத்துக்குப் போய்விட்டாள், ஏரி உறைந்து மறுபடி உருகும்வரை திரும்பமாட்டாள். மிச்சம் நான்.

நான் யார் என்பதுதான் சிக்கல். பத்தொன்பது வருடமாக உன் அம்மா என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. நம் கிரீ ஜனங்களில் மாமியாருக்கும் மருமகனுக்கும் அதுதான் மரியாதை. மற்ற வீடுகளில் எல்லாம் தளர்ந்துவிட்டது, உன் அம்மா மட்டும் ஒரு நூல் விட்டுக்கொடுக்கவில்லை. நீ இருந்தவரை நீ நடுவில் நின்று சொன்னாய். இப்போது அந்த வேலையை அடுப்பில் இருக்கும் தண்ணீர்க் கெட்டில் பார்க்கிறது.

நேற்று கட்டுத் துணியோடு போய்க் கதவருகே நின்றேன். அடுப்பைப் பார்த்துச் சொல்கிறார்: "கெட்டிலே, அந்த ஆளுகிட்ட சொல்லு. விறகு வெட்டட்டும், தண்ணி கொண்டாரட்டும், வேணாங்கல. என் கால் என் கால்தான்."

விறகு வெட்டிவிட்டு வந்தேன். ஆனால் விடமாட்டேன். முதியோர் இல்லத்துப் படிவத்தில் நீ இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதே. அந்தக் காலைக் காப்பாற்றித் தருகிறேன்.

இன்னும் உன் கணவன்,
ஹோரஸ்


வின்னிபெக்
அக்டோபர் 22, 2007

ஹோரஸுக்கு,

கடிதம் கிடைத்தது. பிழை நிறைய. திருத்த நேரமில்லை.

நான் ஒரே பிள்ளை. அம்மாவுக்குக் காலும் போய், பிறகு உயிரும் போனால் யாரிடம் போய் நிற்பேன்? என் வீட்டிலிருந்து நான்கு பஸ் நிறுத்தம் தள்ளி ஓர் இல்லம் இருக்கிறது. அறை தருகிறோம் என்கிறார்கள், நவம்பர் முப்பதுக்குள் சொல்ல வேண்டுமாம். அங்கே யாருக்கும் நம் பேச்சு தெரியாது, வெள்ளைமீனும் கிடைக்காது, எல்லாம் எனக்குத் தெரியும். நீ எழுதிக் காட்ட வேண்டாம்.

அம்மாவிடம் பேச முடியவில்லை என்று வருத்தப்படுகிறாய். எனக்காக என்று இங்கே வந்தவன் மூன்றே வாரம் இருந்தாய். ஒருநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது உன் பையைக் காணோம். போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் உன் மாமியாரா? என்னிடம் பேசத் தடை ஏதாவது இருந்ததா?

விவாகரத்துப் படிவம் இத்துடன் இருக்கிறது. மூன்றாவது முறை அனுப்புகிறேன். இரண்டு வருடம் ஆயிற்று ஹோரஸ், போட்டு அனுப்பிவிடு.

வெர்னா


மணல்முனை
நவம்பர் 6, 2007

அன்புள்ள வெர்னா,

ஏரி ஓரமெல்லாம் உறைந்துவிட்டது. புண்ணும் பெரிதாகிவிட்டது. நான் எதையும் மறைக்கப்போவதில்லை.

நடுவில் ஒரு திரை கட்டி, வெந்நீர்த் தொட்டியை இந்தப் பக்கம் வைத்து, காலை மட்டும் நீட்டச் சொல்லிப் பார்த்தேன். நீட்டவில்லை. பிறகு போன திங்கள் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கெட்டில் அடுப்பில் இல்லை, வாசலில் கவிழ்த்து வைத்திருந்தார். எனக்குப் பத்து வீடு பாக்கி. அவசரத்தில் அவரைப் பார்த்து நேராகவே, "காலைக் காட்டுங்க, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டேன்.

கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். இரண்டு நாள் நான் கொண்டுபோன எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் கெட்டிலிடம் சொன்னார்: "நான் இன்னும் சாகல. என் பொண்ணு புருஷன் என் காலப் பிடிச்சா, நாளைக்குப் பொம்பளைங்க முன்னாடி எந்த முகத்தோட உக்காருவேன்? மருமகனா இல்லாதவன் எவனாச்சும் இருந்தா அனுப்பச் சொல்லு."

அதைக் கேட்டுக்கொண்டு வந்தவன் இரவு முழுக்கத் தூங்கவில்லை. காலையில் உன் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கொண்டுபோய்க் காட்டினேன். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். "கெட்டிலே, இங்கிலீஷ்ல என்னத்தக் கிறுக்கினா எனக்கு எப்படித் தெரியும்? நம்ம எழுத்துல எழுதித் தரச் சொல்லு." வேறொரு தாளில் கிரீ எழுத்தில் எழுதினேன்: 'ஹோரஸ் ஆகிய நான் இனி வெர்னாவின் கணவன் இல்லை.' சின்ன வாக்கியம்தான். எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

வாசித்தார். மடித்துத் தேயிலை டப்பாவுக்குள் வைத்தார். பிறகு திரும்பி என் முகத்தையே பார்த்து, "சரி ஹோரஸ், தண்ணி ஆறிடப் போவுது" என்று காலை நீட்டினார்.

என் பெயரை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட வேண்டியவன், ஏனோ கண் கலங்கிவிட்டது. கழுவிக் கட்டிவிட்டேன்.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கேட்டது கிடைத்துவிட்டது. நான் கேட்டதையும் கொடு. ஜனவரிவரை அவரை இங்கேயே விடு.

ஹோரஸ் ஸ்பென்ஸ்


வின்னிபெக்
நவம்பர் 24, 2007

ஹோரஸ்,

படிவம் வந்தது. கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன்.

இல்லத்தில் அந்த அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜனவரி முடிய டைம். ஒவ்வொரு வாரமும் புண்ணை அளந்து எழுது. ஏமாற்றாதே.

குளிருக்கு உள்ளே போடும் கையுறை ஒரு ஜோடி அனுப்பியிருக்கிறேன். பதினோரு வீட்டுக்கும் விரல் வேண்டும் அல்லவா.

வெர்னா


மணல்முனை
ஜனவரி 17, 2008

அன்புள்ள வெர்னா,

கட்டைவிரல் நகத்தைத் தாண்டியிருந்த புண் சுண்டுவிரல் நக அளவாகிவிட்டது. கெய்ல் தன் கையால் அளந்தாள், அவள் அளவையே எழுதுகிறேன்: ஆறு மில்லிமீட்டர். ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகத் தசை பிடித்திருக்கிறது. கத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஜனவரி முடியும் முன்பே சொல்கிறேன், பார்த்துக்கொள்.

ஆனால் உன் அம்மா பேசுகிறார் வெர்னா. வாயை மூடுவதே இல்லை. பத்தொன்பது வருடம் உள்ளே அடக்கி வைத்ததெல்லாம் தினமும் கட்டு அவிழ்க்கும் நேரத்தில் வெளியே வருகிறது. நம் கல்யாணத்தன்று என் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருந்ததாம். நான் வேட்டையாடிக் கொண்டுவரும் மூஸ் மான் இறைச்சி வயதான மிருகத்தினுடையதாம். "நீ ரொட்டி சுட்டா அத மீன் வலைக்கு ஈயக்குண்டா கட்டலாம்" என்கிறார். உன் அப்பா என்னைப் பற்றிச் சொன்னதையும் சொன்னார், அதை எழுதமாட்டேன்.

நேற்று கேட்டார்: "ஏம்ப்பா ஹோரஸ், அவகிட்ட சொல்லாம ஏன் கிளம்பி வந்தே?"

"சொன்னா அழுவா. அழுதா போகமாட்டேன்னு தெரியும்."

"இதையாவது அவகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"உனக்கும் ஒரு கெட்டில் வேணும்போல" என்றார்.

அதனால் இதோ எழுதுகிறேன். அந்த ஊரில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் இருந்தது. நீயோ அங்கே மலர்ந்திருந்தாய். உன்னைக் கூட்டிக்கொண்டு வரவும் மனம் இல்லை, அங்கேயே இருக்கவும் முடியவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது தப்பு. மன்னித்துவிடு.

கையுறை சரியாக இருக்கிறது.

ஹோரஸ்


வின்னிபெக்
மார்ச் 3, 2008

ஹோரஸ்,

புண் மூடிவிட்டது என்று கெய்ல் போனில் சொன்னாள். தோல் முழுதாக வந்துவிட்டதாம். ஆசிரியர் அறையிலேயே உட்கார்ந்து அழுதேன், தலைமையாசிரியர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நீ சொன்னதைச் செய்துவிட்டாய். நன்றி என்ற சொல் போதாது, அதனால் எழுதவில்லை.

28-ஆம் தேதி விமானத்தில் வருகிறேன். இரண்டு வாரம் லீவு. அம்மாவைப் பார்க்க வருகிறேன். வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதே. அம்மாவிடமும் அப்படியே சொல்லிவிடு.

அந்தப் படிவத்தை நீதிமன்றத்தில் இன்னும் கொடுக்கவில்லை. வேலை அதிகம்.

வெர்னா


மணல்முனை
மார்ச் 14, 2008

அன்புள்ள வெர்னா,

நீ கிளம்புவதற்குள் இந்தக் கடிதம் கிடைக்குமோ என்னவோ. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை எழுதாமல் விடப்போவதில்லை.

காலுக்கு ஒரு குறையும் இல்லை. தினமும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். டெலோரஸ் முன்னதாகவே வந்துவிட்டாள், திங்கள் முதல் வேலையில் சேர்கிறாள். பெண் குழந்தை.

நேற்று உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதே' என்பதையும் விடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். எழுந்து, இரண்டு காலையும் ஊன்றி, நடந்துபோய்த் தேயிலை டப்பாவைத் திறந்தார். நவம்பரில் நான் எழுதிக்கொடுத்த அந்தத் தாளை எடுத்து, பிரித்துக்கூடப் பார்க்காமல் அடுப்புக்குள் போட்டார்.

"என்ன பண்றீங்க?" என்று கேட்டேன்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு கெட்டிலிடம் சொன்னார்: "அந்த ஆளுகிட்ட சொல்லு. பொண்ணு வர்றா. இந்த விறகு பத்தாது."

இன்று முழுக்க வெட்டினேன். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அந்த ஆள்,
ஹோரஸ்