வியாழன் வரை பொறுத்திருக்கலாம்

மே 6, திங்கள்

காலை ஏழுக்கே கொளுத்துகிறது. வியாழன் இடியோடு மழை என்று போன் காட்டுகிறது. குடையைத் தேட வேண்டும். மூக்கண்டப்பள்ளிக்கு இன்றும் தண்ணீர் லாரி வரவில்லை. குளிக்காமல் கம்பெனிக்கு. யாரும் கண்டுபிடிக்கவில்லை, எல்லோரும் அப்படித்தான்.

சாப்பாட்டு நேரத்தில் ஊரிலிருந்து மாதேஷ் மாமா போன். ராயக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் மழை பொய்த்து மூன்றாவது வருஷம். போர்வெல்லில் காற்றுதான் வருகிறது. ஊர்க் கூட்டம் போட்டார்களாம்.

"வெண்படை இருந்தவங்களப் பொதைச்சா மழை வராதுன்றாங்க, சீனா. உங்கக்காளத் தோண்டி எடுத்து எரிக்கணுமாம். கூடப் பொறந்தவன் நீ ஒருத்தன்தான். ஒரு வார்த்தை சொல்லிட்டீன்னா நல்லது."

அக்காவைப் புதைத்துப் பதினோரு மாதம். கேன்டீனில் யாரோ மோர் தீர்ந்துவிட்டது என்று சண்டை.

"உங்க இஷ்டம் மாமா" என்றேன்.

மே 7, செவ்வாய்

பி ஷிப்ட். காலை முழுக்க வீட்டில். வியாழன் வரைக்கும் பொறுங்க மாமா. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மழை வராவிட்டால்? ஊர் என்னைத்தான் பேசும். இரண்டு தடவை நம்பரை எடுத்தேன், வைத்தேன்.

லட்சுமி: "நீங்க பேசலன்னா போனை இங்க தாங்க. நான் பேசுதேன்."

என் பெண்டாட்டி திருநெல்வேலிக்காரி, பேசியும் விடுவாள். "உனக்கு எங்க ஊரத் தெரியாது" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினேன். ஷெட்டுக்குள் போன் கூடாது, லாக்கரில் வைக்க வேண்டும். வசதியாகப் போயிற்று.

கையிலிருந்த வெள்ளைத் திட்டு தெரியாமலிருக்க, அக்கா வெயிலோ மழையோ சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுத்தான் தக்காளி பறிக்கப் போவாள். அந்தக் கூலியில்தான் நான் ஐ.டி.ஐ. படித்தேன். என் கல்யாணத்தில் "நான் சமையக்கட்டப் பாத்துக்கறேன், நீ போய் உக்காரு" என்றாள். அன்றைக்கும் சரி என்றுதான் சொன்னேன்.

மே 8, புதன்

விடியற்காலையிலேயே தோண்டி எடுத்து எரித்துவிட்டார்களாம். மாமா சொன்னார்: "ஒண்ணும் பிரச்சினையில்ல. அந்தப் பச்சைச் சேலை அப்படியே இருந்துச்சுப்பா."

பொங்கலுக்கு நான் எடுத்துக் கொடுத்த சேலை. உயிரோடு இருந்தவரை கட்டவே இல்லை.

லட்சுமி சாப்பாடு மட்டும் வைத்தாள். குடை கிடைத்தது, பீரோவுக்குப் பின்னால்.

மே 9, வியாழன்

மூன்று மணிக்கு மழை. ஷெட் கூரையில் விழுந்த சத்தத்தில் மெஷின் சத்தம் கேட்கவில்லை. சூப்பர்வைசர் உட்பட எல்லோரும் வெளியே. கன்னடத்தில் ஒருவர் "மளெ, மளெ" என்று குதிக்கிறார். நான் குடையோடு. யாரோ கத்துகிறார்:

"மூணு வருஷங்கழிச்சு வருது, கொட புடிக்கறான் பாரு!"

மாமா ஒன்பது முறை கூப்பிட்டிருக்கிறார். எடுக்கவில்லை. வாய்ஸ் மெசேஜில் அழுகிறார், சந்தோஷத்தில். "உங்கக்கா புண்ணியம்டா."

இதே மழை. ஒரே ஒரு நாள். பாவி நான்.

மே 12, ஞாயிறு

ஊருக்குப் போனேன். மண் வாசனை. ஏரியில் முழங்கால் அளவு தண்ணீர். பார்த்தவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள், பரிசு வாங்கி வந்தவனைப் போல. குழியை யாரும் மூடவில்லை. அதிலும் தண்ணீர். மண்வெட்டி வாங்கி நானே மூடினேன்.

டீக்கடையில் மாமா பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். கோவிந்தம்மா அக்கா வந்தாள். என் அக்காவோடு தக்காளி பறித்தவள். அவளுக்கும் இரண்டு கையிலும் வெண்படை.

"தம்பி, நான் போனா நேரா எரிச்சுடச் சொல்லு. பொதைச்சிட்டு அப்பறம் தோண்ட வேணாம். எம்மவன் மறந்துடுவான். ஒரு சீட்டுல எழுதிக் குடுப்பா."

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். இந்த மழை திங்கட்கிழமையே போனில் இருந்தது அக்கா, உன் கைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவளிடமாவது சொல்லியிருக்கலாம். மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இந்த நோட்டிலேயே ஒரு தாளைக் கிழித்து, அவள் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன்.